வெப்பமும் கிளட்சும்: ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் நடத்தும் பாடம்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அண்ணே என்று பேரவைத் தம்பிகள் கேட்டார்கள். கவிதை நமக்கு வராது, தெரிந்தது ஸ்பானர்தான். நம் ஆட்டோமொபைல் பிரிவில் டிப்ளமோ முடித்த நான், சில ஆண்டுகளாக இங்கிலாந்தில் பழைய கார்களைச் சீர் செய்யும் ஒரு சிறு பட்டறையில் வேலை பார்க்கிறேன். அங்கே அதிகம் வரும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரையும், அது அடிக்கடி கொண்டு வரும் இரண்டு நோய்களையும் பற்றி எழுதுகிறேன். ஒன்று எக்ஸாஸ்ட் சூடு, மற்றொன்று கிளட்ச் கோளாறு. வகுப்பில் இவை இரண்டும் வெவ்வேறு பாடங்கள். காரில் அப்படி இல்லை.

நமக்குத் தெரிந்த குடும்பம்தான்

காரின் பெயர் எம்.ஜி.பி. இங்கிலாந்தின் ஆபிங்டன் ஊரில் 1962 முதல் 1980 வரை தயாரானது. திறந்த வண்டி, கூரையுள்ள ஜி.டி. வண்டி இரண்டும் சேர்த்து 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. 2019 முதல் நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் எம்.ஜி. கார்களிலும் அதே எண்கோண முத்திரை இருக்கிறது. ஆனால் முத்திரை தவிர வேறு உறவு கிடையாது.

உண்மையான உறவு வேறு இடத்தில் இருக்கிறது. எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சின், பி.எம்.சி. கம்பெனியின் 'பி சீரிஸ்' வகை. நம் அம்பாசடரில் பல ஆண்டுகள் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் அதே வகைதான். அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டாலும், பல பாலிடெக்னிக் ஒர்க் ஷாப்புகளில் அந்த எஞ்சின் இன்னும் ஸ்டாண்டில் நிற்கிறது. அதன் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு எம்.ஜி.பி. ஹெட் புதிதாகத் தோன்றாது. தம்பி பத்தாம் வகுப்பு, அண்ணன் பந்தயக்காரன், அவ்வளவுதான் வித்தியாசம்.

சூடு எங்கே பிறக்கிறது?

பெட்ரோல் எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எக்ஸாஸ்ட் வழியாக வெளியே போகிறது என்று தெர்மல் எஞ்சினியரிங்கில் படித்திருப்பீர்கள். பரீட்சைக்கு எழுதியதோடு அதை விட்டுவிடக் கூடாது. தொடக்க கால எம்.ஜி.பி.யின் திறன் 95 குதிரைத் திறன். அதாவது சுமார் 71 கிலோவாட். முழு வேகத்தில் ஏறக்குறைய அதே அளவு சூடு எக்ஸாஸ்ட் வழியே போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி எழுபதை ஒரே நேரத்தில் பானெட்டுக்கு அடியில் போட்டு வைத்தது போல!

இந்த ஹெட்டில் இன்னொரு விசேஷம் உண்டு. நாலு சிலிண்டருக்கும் எக்ஸாஸ்ட் வாய் மூன்றுதான். நடு வாயை 2-ம், 3-ம் சிலிண்டர்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. காற்று உள்ளே போகும் வாய்களும் அதே பக்கம். ஆகவே இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்களும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. அடுப்புக்கு மேலே பெட்ரோல் கிண்ணம்!

இந்த அமைப்பை நாம் மாற்ற முடியாது. ஆனால் அடுப்பு தேவைக்கு மேல் எரியாமல் பார்த்துக்கொள்ள முடியும். இக்னிஷன் டைமிங் பிந்திப் போனால், எரிதல் முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்து சூடு வெளியே கொட்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளே இருக்கும் அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்து இறுகினாலும் இதுதான் நடக்கும்.

இதில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கதிர்வீச்சு, தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். மேனிஃபோல்ட் 500 டிகிரி செல்சியஸில் இருந்தால் அது 773 கெல்வின். 600 டிகிரியானால் 873 கெல்வின். இரண்டையும் வகுத்து நான்கடுக்கு எடுத்தால் 1.63 வரும். 100 டிகிரிதானே கூடியது என்று நினைக்கிறோம். வீசும் சூடு 60 சதவீதத்துக்கும் மேல் கூடிவிட்டது. அதனால்தான், சூட்டுப் புகாரோடு வரும் வண்டிக்குத் தகடு வாங்கும் முன்னால் டைமிங் லைட்டை எடுக்க வேண்டும் என்கிறேன்.

மூன்று வழி, மூன்று தடுப்பு

சூடு போகும் வழி மூன்று: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. எம்.ஜி.பி.யைச் செய்தவர்கள் மூன்றுக்கும் வழி செய்து வைத்தார்கள். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே வெப்பம் கடத்தாத கனமான பிளாக்குகள் உண்டு, அது கடத்தலுக்கு. இடையே ஓர் இரும்புத் தகடு, அது கதிர்வீச்சுக்கு. ரேடியேட்டர் வழியே புகுந்து கீழே போகும் காற்று, சலனத்துக்கு. ஐம்பது வருஷத்தில் கைமாறிய வண்டிகளில் தகடு ஆடுகிறதென்று கழற்றி எறிந்திருப்பார்கள். பிளாக் உடைந்தபோது வெறும் பேக்கிங் வைத்து முடுக்கியிருப்பார்கள். கம்பெனி வைத்ததைத் திரும்ப வைப்பதே பாதி வைத்தியம்.

அடுத்தது மேனிஃபோல்ட் பேக்கிங். இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டு மேனிஃபோல்டுகளின் விளிம்பையும் பொதுவான கனத்த வாஷர்கள் சேர்த்துப் பிடிக்கின்றன. ஒன்றின் விளிம்பு அரை மில்லிமீட்டர் தடிமனாக இருந்தாலும் வாஷர் சாய்ந்துவிடும். மெலிந்த பக்கம் சரியாக இறுகாது. புது பேக்கிங் போட்டும் 'டப் டப்' என்று ஊதுகிறதே என்றால் பேக்கிங்கைத் திட்டாதீர்கள். வெர்னியரை எடுத்து இரண்டு விளிம்பையும் அளந்து பாருங்கள்.

பலர் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை எடுத்துவிட்டு ஸ்டீல் குழாய் மேனிஃபோல்ட் போடுகிறார்கள். சத்தம் நன்றாக இருக்கும். சுவர் மெலிந்ததால் சூடும் வெளியே நன்றாக வரும். அதற்கு மேல் வெப்பநாடா சுற்றுவது ஒரு பழக்கம். சூடு குறைவது உண்மை. ஆனால் நாடா ஈரத்தைப் பிடித்து வைத்துக் குழாயைத் துருவேற்றும். எஞ்சின் ஆயில் ஊறினால் அதுவே விளக்குத் திரி ஆகிவிடும். செலவு செய்ய முடிந்தவர்களுக்கு செராமிக் பூச்சு மேல்.

நிறுத்திய பிறகு ஏறும் சூடு

ஓடும்போது ஒழுங்காக இருந்த வண்டி, பெட்ரோல் பங்கில் பத்து நிமிஷம் நிறுத்திய பின் ஸ்டார்ட் ஆகாமல் முரண்டு பிடிக்கும். காரணம் எளிது. எஞ்சின் நின்றதும் காற்றோட்டமும் நின்றது. மேனிஃபோல்டில் தேங்கிய சூடு மேலே ஏறி, ஃப்ளோட் சேம்பரில் உள்ள பெட்ரோலைக் கொதிக்க வைக்கிறது. பெட்ரோலின் லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். எத்தனால் கலந்தால் ஆவியாகும் குணம் இன்னும் மாறுகிறது. இங்கிலாந்தில் சாதாரண பெட்ரோலில் 2021 முதல் 10 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. நம் நாட்டில் கலவை 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. பழைய ரப்பர் ஹோஸ்களை அது தின்னும். ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் போட்டுக்கொள்வது அவசியம்.

கிளட்சுக்கு இரண்டு நோய்

'கிளட்ச் சரியில்லை' என்று சொன்னால் போதாது. எந்தச் சரியில்லை?

ஒன்று, நழுவுவது. மேட்டில் டாப் கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி ஏறாது. பிளேட் தேய்ந்திருக்கலாம்; ஆயில் பட்டிருக்கலாம்; ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். இதற்கு எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும்.

இரண்டு, விடாமல் பிடிப்பது. பெடலை அழுத்தி ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். 'கர்ர்' என்று அரைத்தால் பிளேட் இன்னும் சுற்றுகிறது என்று அர்த்தம். இதற்கு எஞ்சினை இறக்க வேண்டியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. எம்.ஜி.பி.யில் கியர்பாக்ஸை மட்டும் கீழே இறக்க வழியில்லை; கிளட்சைத் தொட வேண்டுமென்றால் எஞ்சின் வெளியே வந்தாக வேண்டும். தப்பான முடிவு ஒரு நாள் வேலையையும் ஒரு குடும்பத்தின் பணத்தையும் விழுங்கிவிடும்.

பத்து மில்லி கணக்கு

எம்.ஜி.பி.யின் கிளட்ச் ஹைட்ராலிக். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலம். ஸ்லேவ் சிலிண்டருடையது ஒன்றேகால் அங்குலம். ஸ்லேவின் புஷ் ராட் ஏறக்குறைய அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர் நகர வேண்டும்.

ஸ்லேவின் பரப்பு சுமார் 792 சதுர மில்லிமீட்டர். 12.7-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 10,000 கன மில்லிமீட்டர். வெறும் 10 மில்லி! இருமல் டானிக் இரண்டு ஸ்பூன் அளவு. இந்த இரண்டு ஸ்பூன் திரவம் முழுசாக நகர்ந்தால் கிளட்ச் விடும், குறைந்தால் விடாது.

இப்போது ஒவ்வொரு திருட்டாகப் பாருங்கள்.

1. பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் பின் தேய்ந்து, துளை நீள்வட்டமாகும். பரப்பு விகிதம் 2.78. ஆகவே அங்கே 3 மில்லிமீட்டர் வீணானால் ஸ்லேவில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். எம்.ஜி.பி.யில் இதைச் சரிக்கட்ட அட்ஜஸ்ட்மென்ட் எதுவும் கிடையாது.

2. பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் பலூன் மாதிரி உப்பும். உப்பிய அளவு திரவம் ஸ்லேவுக்குப் போகாது.

3. திரவத்தில் ஒரு குமிழி. 2 மில்லி ஆவி இருந்து அது நசுங்கினால் ஸ்லேவில் இரண்டரை மில்லிமீட்டர் காணாமல் போகும்.

இந்த மூன்றாவது திருடனைக் கூட்டி வருவதுதான் எக்ஸாஸ்ட் சூடு. நாம் 'பிரேக் ஆயில்' என்று சொல்வது உண்மையில் ஆயில் இல்லை. கிளைக்கால் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் சேர்ந்த நிலைக்கு விதி 155 டிகிரிதான். டாட் 3-க்கு முறையே 205, 140. பத்து வருஷம் மாற்றாத திரவம் இதற்கும் கீழே போகும்.

நம் ஒர்க் ஷாப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சார் அடிக்கடி ஒன்று சொல்வார்: "மொதல்ல ஸ்கேல எடுத்துட்டு வா தம்பி, அப்புறமா ஸ்பானர எடுக்கலாம்." அன்றைக்கு சிரித்தோம். இப்போது என் சட்டைப் பையில் ஸ்பானர் இருக்கிறதோ இல்லையோ, ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் எப்போதும் இருக்கும்.

ஒரு காரின் கேஸ்

ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் 1967-ஆம் வருஷத்து எம்.ஜி.பி. ஒன்றைக் கொண்டு வந்தார். அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பி வந்த வண்டி, இடது பக்க ஸ்டீயரிங். இடது ஸ்டீயரிங் வண்டியில் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரும் இடது பக்கமே வரும். எக்ஸாஸ்டும் அதே பக்கம். ஸ்லேவ் சிலிண்டர் மட்டும் வலது பக்கம். ஆகவே குழாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயாக வேண்டும்.

காலையில் கியர் வெண்ணெய் மாதிரி விழும். அரைமணி நேரம் டிராஃபிக்கில் ஓடினால் ரிவர்ஸ் அரைக்கும், முதல் கியர் விழாது. வேறொரு பட்டறையில் எஞ்சினை இறக்கி கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஸ்லேவ் எல்லாம் புதிதாகப் போட்டிருந்தார்கள். குறை அப்படியே இருந்தது. பெரியவர் சொன்னது எனக்குத் தமிழில் இப்படித்தான் கேட்டது: "இன்னொரு தடவ எஞ்சின எறக்கணும்னா சொல்லிடுப்பா, வித்துடறேன். என் பெண்டாட்டியும் நானும் கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கின மொத கார் இந்த மாதிரிதான். அதுக்காகத்தான் வச்சிருக்கேன்."

வண்டியைத் தூக்கி, ஒருவரைப் பெடல் மிதிக்கச் சொல்லி, ஸ்லேவின் புஷ் ராடை ஸ்கேல் வைத்து அளந்தேன். ஆறிய நிலையில் 12.5 மில்லிமீட்டர். குறை ஒன்றுமில்லை. பலரும் இந்த இடத்தில் அளப்பதை நிறுத்திவிடுவார்கள். ஆனால் பெரியவரின் புகார் சூட்டில் வரும் புகார். ஆகவே வண்டியை ஓட்டி, கொதிக்கக் கொதிக்கக் கொண்டு வந்து மறுபடி அளந்தேன். 8.5 மில்லிமீட்டர். நாலு மில்லிமீட்டர் போயிருக்கிறது. கணக்குப் போட்டால் 3 மில்லிக்கு மேல். பிளேட் எத்தனை புதிதாக இருந்தாலும், ஸ்லேவ் தள்ளாததை அது எப்படி விடும்?

பிறகு தேடுவது சுலபமாக இருந்தது. யாரோ கிளட்ச் குழாயைப் புதிதாக வளைத்துப் போட்டபோது பழைய கிளிப்புகளில் மாட்டாமல், ஸ்டீல் எக்ஸாஸ்ட் குழாய்க்கு இரண்டு விரற்கடை தூரத்தில் விட்டிருந்தார்கள். வெப்பத்தகடு இல்லை. திரவம் டீ டிகாக்ஷன் நிறம். டைமிங் லைட் வைத்தால், வேகம் கூடும்போது அட்வான்ஸ் கூடவில்லை, எடைகள் இறுகியிருந்தன.

வேலை இவ்வளவுதான்: குழாயைப் பழைய இடத்துக்குத் திருப்பி கிளிப் போட்டோம். புது ஹோஸ், புது டாட் 4 திரவம், காற்று எடுத்தல். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து டைமிங் வைத்தோம். பிளாக், தகடு இரண்டும் மாட்டினோம். எஞ்சின் இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி கொதிக்க ஓட்டி அளந்தபோது 12.5. பெரியவர் அந்த வண்டியை இன்னும் வைத்திருக்கிறார்.

மாணவர்கள் கடைப்பிடிக்க ஒரு வரிசை

1. நழுவலா, விடாமையா என்று முதலில் பிரியுங்கள்.
2. விடாமை என்றால் புஷ் ராட் நகர்வை ஆறிய நிலையிலும் சூட்டிலும் அளக்கவும்.
3. இரண்டிலும் குறைவு என்றால் பெடல் பின், மாஸ்டர், காற்று, ஹோஸ் ஆகியவற்றைப் பாருங்கள்.
4. சூட்டில் மட்டும் குறைவு என்றால் திரவம், ஹோஸ், குழாய் போகும் பாதை, எக்ஸாஸ்ட் கசிவு.
5. இரண்டிலும் நகர்வு முழுசாக இருந்தும் கிளட்ச் விடவில்லை என்றால் அப்போது எஞ்சினை இறக்கலாம். பிளேட் வளைவு, பிரஷர் பிளேட், கிராங்க் முனையிலுள்ள ஸ்பிகாட் புஷ் இறுகல் ஆகியவை உள்ளே காத்திருக்கும்.
6. ஓட்டுபவர் பெடல் மேலேயே கால் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். எம்.ஜி.பி.யின் ரிலீஸ் பேரிங்கில் குண்டுகள் கிடையாது. அது கார்பன் வளையம். கால் பட்டுக்கொண்டே இருந்தால் தேய்ந்து தீரும்.

உயிர் சம்பந்தப்பட்ட மூன்று சொல்

கார் போனால் வேறு வாங்கலாம் என்பதால் இதைத் தனியாக எழுதுகிறேன்.

எக்ஸாஸ்ட் கசிவில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமில்லை, மணமில்லை. பெடல் பக்கத்துச் சுவரிலும் கியர் லிவர் அடியிலும் ரப்பர் அடைப்பு இல்லாத ஒவ்வொரு துளையும் அது உள்ளே வரும் வழி. தலைவலியோடு இறங்கும் ஓட்டுநரைப் பார்த்தால் அந்தத் துளைகளைத் தேடுங்கள்.

ஃப்ளோட் சேம்பரின் ஊசி சிக்கினால் பெட்ரோல் வழியும். அதைக் கீழே கொண்டு போகும் சிறு குழாய்கள் எக்ஸாஸ்டை விட்டு விலகியிருக்க வேண்டும். மேனிஃபோல்டில் சொட்டினால் தீ.

பழைய கிளட்ச் பிளேட்டுகளிலும், சில பழைய பேக்கிங்குகளிலும் வெப்பத்தகட்டு ஒட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரிட்டன் அதை 1999-ல் முற்றிலும் தடை செய்தது; ஆனால் அதற்கு முன் மாட்டிய பாகங்கள் வண்டிகளில் இன்னும் இருக்கின்றன. பெல் ஹவுசிங்கைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதுவதை நம் பட்டறைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து ஊதாதீர்கள். ஈரம் பண்ணித் துடையுங்கள், முகமூடி போடுங்கள். அந்தத் தூசியின் கணக்கு இருபது, முப்பது வருஷம் கழித்து நுரையீரலில் வரும்.

முடிவுரை

புதுக் கார்களில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். மின்சார வண்டி வந்தாலும் சூடு சூடாகத்தான் இருக்கும். பேட்டரியும் மோட்டாரும் அதே மூன்று வழியில்தான் சூட்டை இழக்கும். புகார் எந்த நிலையில் வருகிறதோ அதே நிலையில் அளக்க வேண்டும் என்ற விதி எந்த வண்டிக்கும் மாறாது. பாகத்தை மாற்றிக்கொண்டே போவது யாராலும் முடியும். எதை மாற்ற வேண்டாம் என்று சொல்ல முடிகிறவனைத்தான் வாடிக்கையாளர் நம்புகிறார்.

அடுத்த செமஸ்டர் ஒர்க் ஷாப் வகுப்பில் ஹைட்ராலிக் கிளட்ச் மாடல் கிடைத்தால், சிலிண்டர் விட்டங்களை அளந்து உங்கள் வண்டிக்கு எத்தனை மில்லி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விடை வரும்போது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.